கேப்சைசின் ட்யூபும் பேட்சும்: எரிகிற நரம்பை எரித்தே அடக்க முடியுமா?

கேப்சைசின் க்ரீமைப் பற்றி வரும் புகார் பெரும்பாலும் ஒன்றேதான்: "ஏற்கெனவே எரிகிற இடத்தில் தடவினேன், இன்னும் எரிந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன்." எரிந்தது உண்மைதான். தூக்கிப் போட்டதுதான் அவசரம். மிளகாய்க்கு உறைப்பைத் தரும் இந்த வேதிப்பொருள் வலி நரம்பை முதலில் சீண்டும். விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிறகு அதே நரம்பைச் செயலிழக்க வைக்கும். நடுவழியில் நிறுத்துகிறவருக்குச் சீண்டல் மட்டுமே மிஞ்சும்.

இங்கே மதிப்பிடுவது மூன்று பொருள்களை: 0.025% க்ரீம், 0.075% க்ரீம், மருத்துவரிடம் போய் மட்டுமே ஒட்டிக்கொள்ள வேண்டிய 8% பேட்ச். ஒப்பிடுவதற்கு லிடோகெயின் பேட்ச், டைக்ளோஃபினாக் ஜெல், மென்தால் தைலம். எல்லாருக்கும் பொதுவாக இதுதான் சிறந்தது என்று சொல்ல வழியில்லை. வலிக்கிற இடத்தில் நரம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் பொருளின் தரமே மாறுகிறது. அதனால் தோலுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

மேல்தோலில் அம்மணமாக நிற்கும் இழைகள்

பாதத்தில் ஒரு தீப்பொறி விழுந்தால் முதலில் "சுரீர்" என்று ஒரு குத்தல். கிட்டத்தட்ட ஒரு விநாடி கழித்துக் காந்தல் தொடங்கும். இரண்டும் இரண்டு வகை நரம்பிழைகளின் வேலை. மெல்லிய மயலின் உறை போர்த்திய ஏ-டெல்டா இழை விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தி அனுப்பும். உறையே இல்லாத சி இழைக்கு விநாடிக்குச் சுமார் 1 மீட்டர்தான் வேகம். பாதத்திலிருந்து தண்டுவடம்வரை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு விநாடித் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று கணக்கே காட்டிவிடும். நாட்கணக்கில் படுத்துகிற எரிச்சல் பெரும்பாலும் சி இழையின் சமாச்சாரம். கேப்சைசினின் முக்கிய இலக்கும் அதுவே.

இந்த இழைகளின் நுனிகள் எந்த உறையும் இல்லாமல் மேல்தோலின் செல்களுக்கு இடையே ஏறி நிற்கின்றன. பெரும்பாலான இடங்களில் மேல்தோலின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். பூசுகிற மருந்து வேலை செய்ய முடிவதே இந்த அருகாமையால்தான். உள்ளங்காலிலும் குதிகாலிலும் கதை வேறு. அங்கே மேலடுக்கு பல மடங்கு தடித்தது, க்ரீம் பாதி வழியிலேயே நின்றுவிடும். குதிகால் எரிச்சலுக்கு ட்யூப் வாங்கி ஏமாந்தவர்கள் மருந்தைக் குறை சொல்வதற்கு முன் தோலின் தடிமனைப் பார்க்க வேண்டும்.

நுனியில் பல வகை அயனி வாயில்கள் (மின்னூட்டத் துகள்களை உள்ளே விடும் புரதத் துளைகள்) உண்டு. அவற்றில் நமக்கு வேண்டியது டிஆர்பிவி1. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் திறக்கும். அமிலம் கூடினாலும் திறக்கும். கேப்சைசின் ஒட்டினாலும் திறக்கும். மிளகாயைத் தொட்ட கை சுடுவதுபோல் தோன்றுவது பிரமை இல்லை. நரம்புக்குச் சூடும் உறைப்பும் ஒரே வாயில் வழியாகவே வருகின்றன, அதனால் அதற்கு வித்தியாசம் தெரியாது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஜூலியஸின் குழு இந்த வாயிலின் மரபணுவை 1997-இல் பிரித்தெடுத்தது. 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது.

முறுக்கேறுவது எப்படி

வெயிலில் கன்றிய முதுகில் மறுநாள் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே சுடுகிறது. தண்ணீரின் சூடு 38 டிகிரிதான். 43-இல் திறக்க வேண்டிய வாயில் அதற்கு முன்பே திறந்துவிடுகிறது என்று அர்த்தம். கூருணர்வு என்று சொல்வது இதைத்தான்: நரம்பு வலியை உண்டாக்குவதில்லை, வலி என்று எண்ணத் தொடங்கும் எல்லையைக் கீழே இறக்கிக்கொள்கிறது.

இறக்குவது யார்? அடிபட்ட, வெந்த, வீங்கிய திசுவில் கசியும் வேதிப்பொருள்கள். பிராடிகைனின், ப்ராஸ்டாக்ளாண்டின் இ2, ஹிஸ்டமின், செரடோனின், ஏடிபி, அமிலம், சைட்டோகைன்கள், நரம்பு வளர்ச்சிக் காரணி என்று ஒரு பெரிய கலவை. எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. பிராடிகைனின் தன் ஏற்பியில் ஒட்டியதும் புரத கைனேஸ் சி என்ற நொதி தூண்டப்பட்டு, டிஆர்பிவி1 மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய வாயில் உடல் சூட்டிலேயே கசியத் தயாராகிவிடும். ப்ராஸ்டாக்ளாண்டின் இ2 வேறு வழியில் போகிறது: புரத கைனேஸ் ஏ மூலம் நேவ் 1.8 என்ற சோடியம் வாயிலை இலகுவாக்கி, சின்னத் தூண்டலுக்கும் நரம்பு மின்துடிப்பு அனுப்பும்படி செய்கிறது. இவை நிமிடக் கணக்கில் நடப்பவை, காரணம் நீங்கினால் தாமே தணிபவை.

நரம்பு வளர்ச்சிக் காரணி அப்படியில்லை. அது நுனியில் ஒட்டி, இழையின் உள்ளே பயணம் செய்து, தண்டுவடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செல் உடலுக்கே போய், புதிதாக வாயில்களைத் தயாரிக்கச் சொல்கிறது. மனிதத் தோலில் இதைச் சிறு அளவில் ஊசியால் செலுத்திப் பார்த்த சோதனைகளில், சூட்டுக்கான கூருணர்வு முதல் சில நாட்களிலேயே வந்தது. அழுத்தத்துக்கான கூருணர்வு மெல்ல ஏறி மூன்று வாரம் கழித்தே உச்சத்துக்கு வந்தது. காயம் ஆறிய பிறகும் அந்த இடத்தில் கை வைக்க முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரண்டு நாள் தடவிவிட்டு "குணம் தெரியவில்லை" என்று முடிவுகட்டுவது ஏன் பிழை என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. மாதக் கணக்கில் நிலைத்துவிட்ட கூருணர்வு, பாஸ்பேட் ஏற்றி இறக்கும் விஷயம் மட்டுமல்ல. வாயில்களின் எண்ணிக்கையே கூடியிருக்கும்.

இன்னொரு கூட்டமும் உண்டு: தூங்கும் சி இழைகள். நல்ல தோலில் கிள்ளினாலும் அழுத்தினாலும் இவை வாய் திறப்பதில்லை. ஸ்வீடனின் உப்சாலாவில் ஹாக்பார்த், வால்போ என்ற ஆய்வாளர்கள் 1960-களில் உருவாக்கிய முறையில், விழித்திருக்கும் மனிதரின் காலில் முழங்காலுக்குப் பக்கத்து நரம்புக்குள் மெல்லிய டங்ஸ்டன் ஊசி செலுத்தி, ஒற்றை இழையின் துடிப்பையே பதிவுசெய்ய முடிகிறது. அப்படிப் பதிவுசெய்தபோதுதான் மனிதத் தோலில் இந்த மௌன இழைகள் இருப்பது 1995-இல் தெரியவந்தது. அழற்சிப் பொருளோ கேப்சைசினோ பட்டதும் இவை விழித்துக்கொண்டு, அதுவரை கண்டுகொள்ளாத அழுத்தத்துக்குக்கூடப் பதில் சொல்லத் தொடங்கும். காயத்தைச் சுற்றி விரிகிற சிவப்பும் பெரும்பாலும் இவற்றின் கைவரிசை. துடிப்பு ஒரு கிளையில் ஏறி மறு கிளையில் திரும்பி இறங்கி, நுனியில் சிஜிஆர்பி என்ற பெப்டைடைக் கொட்டுகிறது; இரத்தக் குழாய் விரிகிறது.

காயத்துக்கு வெளியே, நல்ல தோலிலும் பஞ்சு பட்டால் வலிக்கிறதே, அது? அங்கே சி இழை கெட்டிருக்க வேண்டியதில்லை. தண்டுவடம் முறுக்கேறி, சாதாரணத் தொடுகை இழை கொண்டுவரும் செய்தியையும் வலி என்று வாசிக்கிறது. இதன் அடையாளம், அந்த வெளிவட்டத்தில் தொடுகைக்கும் குத்தலுக்கும்தான் வலி கூடும், சூட்டுக்குக் கூடாது.

வாங்குவதற்கு முன் ஒரு கரண்டிச் சோதனை

மேலே சொன்னதன் பயன் இங்கேதான். உலோகக் கரண்டியை 40 டிகிரித் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து, துடைத்து, முதலில் மறுபக்கத்து நல்ல தோலில் வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பிறகு வலிக்கிற இடத்தில். அங்கே மட்டும் சுட்டால் சி இழை உயிரோடு, முறுக்கேறி, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கேப்சைசினுக்கு நல்ல இலக்கு.

சூட்டுக்கு ஒன்றுமில்லை, ஆனால் பஞ்சு உரசினால் துடிக்கிறது என்றால் தண்டுவடத்தின் பங்கு பெரிது. பூசும் மருந்து இங்கே துணைக்குத்தான். ஆனாலும் வீண் என்று தள்ளிவிட முடியாது. தண்டுவடத்தின் முறுக்கைத் தோலிலிருந்து ஓயாமல் வரும் துடிப்பே தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். வலியின் மையப்புள்ளியை மட்டும் மரத்துப்போகச் செய்ததும் சுற்றியிருந்த தொடுவலி அடங்கிய நோயாளிகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு.

கரண்டியின் சூடே தெரியவில்லை, ஊசிமுனையும் மந்தமாக இருக்கிறது, ஆனால் எரிகிறது என்றால் ட்யூபை வாங்காதீர்கள். அங்கே இழைகள் ஏற்கெனவே அழிந்திருக்கலாம். மிச்சமிருப்பதையும் மரத்துப்போக வைத்தால், சூட்டையோ காயத்தையோ உணராத பாதம் ஆபத்தான பாதம். நீரிழிவு உள்ளவர்கள் இந்த நிலையில் தாமாக எதையும் தடவக் கூடாது, மருத்துவர்தான் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை நோயறிதலுக்கு மாற்றும் ஆகாது; எந்த அலமாரிக்குப் போவது என்பதற்கு மட்டும் உதவும்.

0.025%, 0.075%: ட்யூபின் கதை

முதலில் ஒரு வேடிக்கை. மனிதர்களிடம் கூருணர்வை ஆராய வேண்டும் என்றால் ஆய்வகங்கள் கையில் எடுப்பது இதே கேப்சைசினைத்தான். முன்கையில் துளி அளவு ஊசியால் செலுத்தினால் நிமிடங்களில் சூட்டு வலியும், சுற்றிலும் தொடுவலி வளையமும் உருவாகிவிடும். வலிக்குத் தடவுகிற க்ரீமை "நினைத்தபோது கொஞ்சம்" என்று பயன்படுத்துகிறவர் தன் தோலில் அந்தப் பரிசோதனையை இலவசமாகத் திரும்பத் திரும்பச் செய்துகொள்கிறார்.

மருந்தாக மாறுவது எப்போது? வாயில் திறந்து உள்ளே கால்சியம் வெள்ளமாகப் பாய்கிறது. கால்சிநியூரின் என்ற நொதி விழித்து, வாயிலின் மேல் ஏறியிருந்த பாஸ்பேட்டைக் கழற்றுகிறது, வாயில் சோர்கிறது. இது முதல் கட்டம், தற்காலிகமானது. கால்சியம் விடாமல் ஏறிக்கொண்டே இருந்தால் நுனியில் உள்ள, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகி, நுனியே மேல்தோலிலிருந்து பின்வாங்கிவிடும். 0.075% க்ரீமைத் தினம் நான்கு வேளை மூன்று வாரம் தடவிய தன்னார்வலர்களின் தோலைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது மேல்தோலில் இருந்த இழைகளில் பெரும்பகுதியைக் காணவில்லை. நிறுத்தியபின் வாரக் கணக்கில் அவை மீண்டும் வளர்ந்து ஏறின. வலி குறைவது இதனால்தான். "பி பொருள் தீர்ந்துபோவதால் வலி குறைகிறது" என்று பல அட்டைப்பெட்டிகளில் இன்னும் அச்சடிக்கிறார்கள். பி பொருள் என்பது வலிச் செய்தியைக் கடத்தும் ஒரு நரம்பு வேதிப்பொருள். அது பழைய விளக்கம். பி பொருள் குறைவது உண்மை, ஆனால் அது நுனி செயலிழப்பதன் விளைவு மட்டுமே.

ஆகவே பயன்படுத்தும் முறையில் விட்டுக்கொடுக்க முடியாதது வேளைக் கணக்கு. நாளுக்கு 3 அல்லது 4 முறை, ஏறக்குறைய சமமான இடைவெளியில், குறைந்தது 2 முதல் 4 வாரம். ஒரு வேளை தவறினால் குடி முழுகிவிடாது. நாளுக்கு ஒரு முறை என்று குறைத்தால் வாயில் மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் முதல் நாள்போலவே எரியும். "ஒரு மாதம் தடவினேன், எரிச்சல் குறையவே இல்லை" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஒரு வேளைப் பழக்கம்தான் இருக்கும்.

அளவில் தாராளம் வேண்டாம். பட்டாணி அளவு க்ரீம் ஒரு முழங்காலின் ஒரு பக்கத்துக்குப் போதும். தேய்த்ததும் தோலில் வெள்ளைப் படலம் நிற்கக் கூடாது. கனமாகப் பூசினால் கூடுதலாக உள்ளே போகாது. துணியில் ஒட்டும், தலையணையில் ஒட்டும், அங்கிருந்து கண்ணுக்குப் போகும்.

எரிச்சலைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் சூடுதான். டிஆர்பிவி1-இன் எல்லையைக் கேப்சைசின் கீழே இறக்கி வைத்திருப்பதால் தோலின் சாதாரண வெப்பமே அதைத் திறக்கப் போதுமானதாகிவிடும். வெந்நீர்க் குளியலுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தடவாதீர்கள். வியர்க்கும் உடற்பயிற்சியும் அப்படியே. மேலே ஒத்தடப் பையோ இறுக்கமான கட்டோ கூடவே கூடாது. கொப்புளம் வரை போகலாம். கடையில் கிடைக்கும் வலி நிவாரணிப் பூச்சுகளால் ஏற்பட்ட ரசாயனத் தீப்புண்களைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012-இலேயே எச்சரித்தது. மென்தால், மெத்தில் சாலிசிலேட், கேப்சைசின் மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. எரிச்சல் தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றிய குளிர் பொட்டலம் வைக்கலாம். மருந்தின் வேலையை அது கெடுக்காது, வாயிலின் துடிப்பைத்தான் தணிக்கும்.

கையைக் கழுவுவதிலும் ஒரு நுணுக்கம். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வெறும் தண்ணீர் அதைப் பரப்பிவிடும். முதலில் சமையல் எண்ணெயைத் தேய்த்து டிஷ்யூவால் துடைத்து, பிறகு சோப்பு போட்டு, குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். மருந்து கைவிரல் மூட்டுக்கே என்றால் அரை மணி விட்டுப் பிறகு கழுவலாம். நைட்ரில் கையுறை போட்டுத் தடவினால் இந்தத் தொல்லையே இல்லை. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் லென்ஸைக் கையாண்ட பிறகே ட்யூபைத் திறக்கட்டும். வெடிப்பு, புண், ஆறாத அக்கிக் கொப்புளம், இவற்றின் மேல் தொடவே கூடாது.

லேபிளைப் படிப்பதிலும் ஏமாறுவதற்கு நிறைய இடம் உண்டு. "கேப்சிகம் ஓலியோரெசின் 0.25%" என்று எழுதியிருந்தால் கேப்சைசின் 0.25% இருக்கிறது என்று பொருளில்லை. ஓலியோரெசின் என்பது மிளகாய்ச் சாறு; அதில் கேப்சைசின் ஒரு பங்குதான். கேப்சைசினின் அளவைத் தனியாக எழுதாத ட்யூபை வாங்காமல் விடுவது நல்லது. நோனிவமைடு என்பது கேப்சைசினின் நெருங்கிய உறவு, அதே வாயிலில் ஒட்டும். மெத்தில் நிகோட்டினேட் வேறு சாதி. இரத்தக் குழாயை விரித்துச் சூடும் சிவப்பும் காட்டும், நுனியைப் பின்வாங்க வைக்காது. "சூடு தெரிகிறதே, வேலை செய்கிறது" என்று நம்பி இதில் காசு போடுகிறவர்கள் அதிகம்.

வடிவத்தில் க்ரீமே மேல். ஆல்கஹால் அடிப்படையில் செய்த ஜெல் சட்டென்று காய்ந்து, முதல் பத்து நிமிட எரிச்சலைக் கூர்மையாக்கும். உருளைத் தலை வைத்த குப்பி கைக்குச் சுத்தம், ஆனால் ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் ஒன்றுமில்லாமலும் விடும்.

மதிப்பெண்? முழங்கால், விரல் மூட்டுத் தேய்மான வலிக்கு 0.025% க்ரீம் வேளை தவறாமல் தடவினால் ஐந்துக்கு மூன்று. நரம்பு வலிக்கு அதை எடுக்கவே வேண்டாம். 0.075% க்ரீமுக்கு நரம்பு வலியில் இரண்டரை. கோட்பாட்டில் பலமாகத் தெரிகிற இது, நடைமுறையில் நோயாளியின் பொறுமையிடம் தோற்கிறது. தொகுப்பு ஆய்வுகளிலும் குறைந்த செறிவுக் கேப்சைசின் நரம்பு வலிக்கு உறுதியான பலன் காட்டவில்லை. ஒரு சங்கடம், எரிகிற மருந்தையும் எரியாத போலி மருந்தையும் கொடுத்தால் யாருக்கு எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்; இந்த ஆய்வுகளை நடத்துவதே சிரமம்.

8% பேட்ச்

பொறுமைப் பிரச்சினையை வேரோடு பிடுங்கியது இந்தத் தயாரிப்பு. க்யூட்டென்சா என்ற பெயரில் 2009-இல் அனுமதி பெற்றது. 14 × 20 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பேட்சில் 179 மில்லிகிராம் கேப்சைசின், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 640 மைக்ரோகிராம். அக்கிக்குப் பின் தங்கும் நரம்பு வலிக்கு ஒரே தடவை 60 நிமிடம். நீரிழிவால் பாத நரம்பு வலிக்கு 30 நிமிடம். ஒரு நேரத்தில் அதிகபட்சம் நான்கு பேட்ச். அடுத்தது மூன்று மாதத்துக்கு முன் கிடையாது. நான்கு வேளைக் கணக்கு, தலையணைக் கறை, கண்ணில் படும் பயம் எதுவும் இல்லை.

ஒரு மணி நேரம் ஒட்டி எடுத்த ஒரு வாரத்தில் மேல்தோல் இழைகள் சுமார் 80% குறைந்திருப்பதும், ஆறு மாதத்தில் ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவருவதும் தோல் துணுக்குகளில் காணப்பட்டிருக்கின்றன. மூன்று மாத இடைவெளியின் தர்க்கம் இந்தத் திரும்பி வளரும் வேகத்தில் இருக்கிறது. சோதனைகளில் போலி பேட்சுக்குப் பதில் 0.04% கேப்சைசின் பேட்சை வைத்தார்கள், அதுவும் கொஞ்சம் எரியட்டும் என்று. அந்தக் கடுமையான ஒப்பீட்டிலும் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அளவாகத்தான்: ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒட்டினால் ஒருவருக்கு, ஒப்பீட்டுப் பேட்ச் தராத நல்ல குணம் கிடைக்கும். பேசாமல் எல்லாருக்கும் ஒட்டிவிடலாம் என்கிற ரகம் இல்லை. கரண்டிச் சோதனையில் சுட்டவர்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்று நுனியின் இயல்பை வைத்து எதிர்பார்க்கலாம்.

ஒட்டுகிறவர் சரியாகச் செய்கிறாரா என்று நோயாளியே கவனிக்கக்கூடியவை சில. கையுறை நைட்ரிலாக இருக்க வேண்டும். லேடெக்ஸ் வழியே கேப்சைசின் புகுந்துவிடும். வலிக்கும் பரப்பைப் பேனாவால் வரைந்து, பாதுகாப்புத் தாளை உரிப்பதற்கு முன்பே பேட்சை அந்த வடிவத்துக்கு வெட்ட வேண்டும். முடி இருந்தால் கத்தரிக்கலாம், சவரம் செய்யக் கூடாது. சவரம் நுண்ணிய கீறல்களைப் போடும், அங்கே மருந்து ஆழமாக இறங்கும். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் உட்புறமாகச் சுருட்டி மெதுவாக உரிக்க வேண்டும். வேகமாக உரித்தால் துகள் காற்றில் கலந்து அறையில் உள்ள எல்லாரும் இருமுவார்கள். பிறகு அதனுடன் வரும் சுத்திகரிப்பு ஜெல்லைத் தாராளமாகப் பூசி, குறைந்தது ஒரு நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். முகம், கண் பக்கம், உச்சந்தலை, சளிச்சவ்வு ஆகிய இடங்களுக்கு இது இல்லை.

வலிக்கும். அதை மறைத்து ஒட்டுகிற இடத்தை நம்பாதீர்கள். பேட்ச் இருக்கும் நேரத்தில் இரத்த அழுத்தம் ஏறலாம், அதனால் இடையிடையே அளக்க வேண்டும். அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். முன்னதாக மரத்துப்போகும் களிம்பு பூசுவதால் பலன் குறையுமோ என்ற சந்தேகம் இயல்பானது. குறையாது. களிம்பு அடைப்பது சோடியம் வாயிலை. நுனியைப் பின்வாங்க வைக்கும் கால்சியம் நுழைவது டிஆர்பிவி1 வழியாக. செய்தி மேலே போகாது, வேலை கீழே நடக்கும். சில நாட்களுக்கு வெந்நீரும் வெயிலும் ஒட்டிய இடத்தைச் சீண்டும்.

நரம்பு வலிக்கு ஐந்துக்கு நான்கு. ஒரு புள்ளி குறைவது ஒட்டத் தெரிந்த இடம் தேடிப் போக வேண்டியிருப்பதற்காக.

பக்கத்து அலமாரி

லிடோகெயின் 5% பேட்ச் கூருணர்வைக் குணப்படுத்துவதில்லை, அதன் சத்தத்தை அடைக்கிறது. 10 × 14 சென்டிமீட்டரில் 700 மில்லிகிராம் மருந்து. 12 மணி நேரம் ஒட்டி 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. உடலுக்குள் போவது சுமார் 3% மட்டுமே என்பதால் வயதானவர்களுக்கும் பல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஏற்றது. அடிக்கடி துடிக்கும் நரம்பின் சோடியம் வாயிலில்தான் லிடோகெயின் நன்றாக ஒட்டும், அதனால் முறுக்கேறிய இழையைத் தேடிப் பிடித்து அடக்கும். பஞ்சு பட்டால் துடிக்கிறவர்களுக்குச் சட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு கவசமாகவும் இருக்கும். பயன்படுத்திய பேட்சில் இன்னும் ஏராளமான மருந்து மிச்சமிருக்கும். குழந்தையின் வாய்க்கோ நாயின் வாய்க்கோ எட்டாதபடி மடித்து எறியுங்கள். கேப்சைசினைத் தாங்க முடியாதவர்கள் முதலில் இதற்குப் போகலாம். ஐந்துக்கு நான்கு.

டைக்ளோஃபினாக் 1% ஜெல், அடிபட்ட திசுவில் கசியும் அந்தக் கலவையில் ஒரு பொருளை மட்டும் நிறுத்துகிறது: ப்ராஸ்டாக்ளாண்டின். ஆகவே வீக்கம் இருக்கும் மூட்டில், புதிய சுளுக்கில் நல்ல பலன். அக்கி வலியில், நீரிழிவு எரிச்சலில் அங்கே நிறுத்த அதிகம் ப்ராஸ்டாக்ளாண்டினே இருக்காது. முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், கைக்கு 2 கிராம், நாளுக்கு நான்கு வேளை. பலரும் தடவுவது இதில் கால்வாசிகூட இல்லை. கேப்சைசினை அதிகமாகவும் டைக்ளோஃபினாக்கைக் குறைவாகவும் தடவுவது வினோதமான பொது வழக்கம்.

மென்தால் தைலம் டிஆர்பிஎம்8 என்ற குளிர் வாயிலைத் திறந்து கவனத்தைத் திருப்பும். கொஞ்ச நேர ஆறுதல். 40% மென்தாலைப் பூசினால் குளிருக்குக் கூருணர்வு உண்டாகும். அதையும் ஆய்வகங்கள் வலியை உருவாக்கவே பயன்படுத்துகின்றன. குளிர் பட்டாலே வலி எடுப்பவர்கள் இதை ஒதுக்குவதே நல்லது. கேப்சைசினுக்கு மேலேயே மென்தாலையும் பூசுவது வீண்; எந்த மருந்து எரிக்கிறது என்றுகூடத் தெரியாமல் போகும்.

நேவ் 1.8 வாயிலையே குறிவைத்து அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது திடீர்க் கடும் வலிக்கானது, பூசுவதற்கில்லை.

நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதும்

க்ரீமை நான்கு வாரம் வேளை தவறாமல் தடவியும் வலி அசையவில்லை என்றால் நிறுத்திவிடலாம். ஐந்தாவது வாரத்தில் அதிசயம் நடக்காது. அசைந்திருந்தால் தொடரலாம், ஆனால் அந்த இடத்தின் சூடு உணரும் திறன் குறைந்திருக்கிறது என்பதை மறக்காமல். பாதத்துக்குப் பயன்படுத்துகிறவர் வெந்நீரில் கால் வைக்கும் முன் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும், இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கட்டும்.

பயணத்துக்காகவோ ட்யூப் தீர்ந்துவிட்டதாலோ பத்து நாள் விட்டுப்போனால் நுனிகள் மேலேறத் தொடங்கியிருக்கும். மறுபடி தொடங்கும்போது முதல் வாரத்து எரிச்சலும் மறுபடி வரும், கிட்டத்தட்ட அதே பலத்தோடு. அடுத்த ட்யூபை முந்தையது காலியாவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.